அடைகல்: திருவிதாங்கூர்க் கொல்லரின் எழுதப்படாத ஆவணம்

பல்கலைக்கழகத் துறைகள் ஆண்டுதோறும் நடத்தும் 'பயிற்சிப் பட்டறை'களின் அழைப்பிதழ்களில் ஒரு கொல்லனின் கருவி மறைந்திருக்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்பை வைத்து அடிப்பதற்கான கனத்த இரும்புக் கட்டிக்குத் தமிழில் பட்டடை என்று பெயர். அது கிடக்கும் கொட்டகையையும் அதே சொல்லால் குறித்தார்கள். சொல் பட்டறை என்று திரிந்தது. கொல்லனிடமிருந்து தச்சனுக்கும் பிற கைத்தொழிலாளருக்கும் சென்றது. இறுதியில் ஆய்வாளர்கள் கூடிப் பேசும் அரங்குக்கும் வந்து சேர்ந்தது. பெயரைக் கொடுத்த பொருளைப் பற்றி அவ்வரங்குகளில் பேசப்பட்டது மிகக் குறைவு.

திருவனந்தபுரத்துக் கொல்லர் இதனை 'அடகல்லு' என்பர். தமிழ் அகராதிகளில் உள்ள 'அடைகல்' என்பதும் இதுவே. சங்கப் பாடலில் இதன் பெயர் 'உலைக்கல்'. இவ்விரு பெயர்களும் 'கல்' என்றே முடிகின்றன. கருவி இரும்பால் ஆனது. பெயரோ கல்லைச் சொல்கிறது. இதற்குக் காரணம் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. இரும்பை அடித்து உருவாக்க ஒரு பட்டடை வேண்டும். இரும்புப் பட்டடையை உருவாக்கவும் முதலில் ஒரு பட்டடை வேண்டும். எனவே முதற்பட்டடை கல்லாகத்தான் இருந்திருக்க முடியும். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் 20ஆம் நூற்றாண்டு வரையிலும் கொல்லர்கள் கற்பாறையின் மீது இரும்பை அடித்தது பதிவாகியுள்ளது. கல் போய் இரும்பு வந்த பின்னும் மொழி பழைய பொருளின் பெயரை விடாமல் வைத்திருக்கிறது. அடைகல் என்ற சொல்லே ஒரு தொல்பொருள்.

திருவிதாங்கூரின் வரலாறு, அடைகல்லின் மீது உருவான பொருள்களால் நிறைந்திருக்கிறது. வாள், பூட்டு, கீல், மண்வெட்டி, பாளை அரிவாள், தேங்காய் உரிக்கும் பாரை, ரப்பர்ப் பால்வெட்டும் கத்தி என்று அரண்மனையையும் வயலையும் தோட்டத்தையும் இயக்கிய பொருள்கள் அனைத்தும் அதன்மேல் ஒருமுறை கிடந்தவை. ஆனால் வரலாற்றெழுத்து முடிந்த பொருளையும் அதனை வாங்கியவரையுமே பெரும்பாலும் கண்டது. செய்தவரின் பக்கத்திலிருந்து எஞ்சியிருக்கும் சான்றுகளில் மிகக் கனமானது அடைகல்தான். அதனை இதுவரை காத்து வந்திருப்பவர்கள் கொல்லர்களே. அவர்கள் அதனைத் தேடி எடுப்பதும், பழுது பார்ப்பதும், ஆண்டுக்கொருமுறை அலங்கரித்துக் காட்டுவதும் வெறும் தொழிற்பழக்கம் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆவணக் காப்பாளர் செய்யும் பணியின் இன்னொரு வடிவம் அவை.

முதலில் இலக்கியச் சான்றுகளைக் காணலாம். புறநானூற்றின் 170ஆம் பாடல் உறையூர் மருத்துவன் தாமோதரனார் பிட்டங்கொற்றனைப் பாடியது. பிட்டங்கொற்றன் சேரர்க்குத் துணைநின்ற மலைநாட்டுத் தலைவன். பகைவர் எத்தனை வலிந்து தாக்கினும் அசையாதவன் என்பதைச் சொல்ல, கொல்லன் விசையுடன் ஓங்கி அடிக்கும் கூடத்தை எதிர்கொள்ளும் உலைக்கல்லைப் புலவர் உவமையாக்குகிறார். இங்குக் கூடம் என்பது பெரிய சம்மட்டி. தமிழ்நாட்டின் பொதுவழக்கில் சம்மட்டி என்ற சொல்லே மேலோங்கிவிட்டது. மலையாளத்திலோ இன்றும் பெரிய சம்மட்டிக்குக் கூடம் என்றே பெயர். ஒரு சேரநாட்டுத் தலைவனைப் பாடிய சங்கப் பாடலின் தொழிற்சொல் திருவனந்தபுரத்துக் கொல்லுலையில் அன்றாடப் பேச்சாக வழங்குவது மொழி வரலாற்று மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

திருக்குறளில் இதே கருவி நேர் எதிரான பொருளில் வருகிறது. கூடா நட்பு அதிகாரத்தின் முதற்குறள் (821) மனத்தால் கூடாதவரின் நட்பைப் பட்டடைக்கு ஒப்பிடுகிறது. பட்டடை பொருளைத் தாங்குவது போல் தோன்றும். உண்மையில் அடி விழுவதற்கு வாய்ப்பாக நிற்கும். புறநானூற்றுப் புலவர் பட்டடையைச் சம்மட்டியின் பக்கமிருந்து பார்த்தார். அவருக்கு அதன் உறுதி தெரிந்தது. வள்ளுவர் அடிபடும் இரும்பின் பக்கமிருந்து பார்த்தார். அவருக்கு அதன் வஞ்சம் தெரிந்தது. இருவரும் கொல்லுலையை அருகிலிருந்து கண்டவர்கள் என்பதில் ஐயமில்லை. கொல்லத் தெருவில் ஊசி விற்பது பற்றிய பழமொழி தமிழிலும் மலையாளத்திலும் ஒருங்கே வழங்குவதையும் இங்கு நினைக்கலாம். அரசியல் எல்லை பிரித்த இரு மொழிகளும் கொல்லன் வாசலில் ஒன்றாகவே நிற்கின்றன.

அகழாய்வுகளில் பட்டடை அரிதாகவே கிடைக்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் உருக்கு செய்த மூசைகளும் வெளிப்பட்டன. சிவகளையின் மாதிரிகள் சில கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை கூறுகிறது. வாள், ஈட்டிமுனை, கோடரி ஆகியவை ஈமக்குழிகளிலிருந்து ஏராளமாகக் கிடைக்கின்றன. இறந்தவரோடு புதைக்கத்தக்கவை அவை. பட்டடையை எவரும் புதைப்பதில்லை. கொல்லன் இடம்பெயர்ந்தால் அதனைத் தூக்கிச் செல்வான். அது உடைந்தால் அந்த இரும்பையே உலையிலிட்டு வேறொன்றாக்குவான். மகன் தொழிலுக்கு வந்தால் அவனிடம் கொடுப்பான். பயன்பாடு அறாத பொருள் மண்ணுக்குள் செல்வதில்லை. ஆகவே பட்டடையின் வரலாற்றை மண்ணுக்கு மேல்தான் தேட வேண்டும்.

பட்டடையின் வேலை என்ன என்பதைச் சிறிது கணக்கோடு பார்த்தால், கொல்லர் அதன் எடையைப் பற்றி ஏன் பெருமையுடன் பேசுகின்றனர் என்பது விளங்கும். சம்மட்டியின் ஆற்றலில் ஒரு பகுதி இரும்பை நெளிக்கிறது. மறுபகுதி பட்டடையை அசைப்பதில் வீணாகிறது. பட்டடை எதிலும் பிணைக்கப்படாமல் தனித்திருப்பதாகக் கொண்டால், பயனுள்ள பகுதியைக் காண எளிய வழி உண்டு: பட்டடையின் எடையை, பட்டடையும் சம்மட்டியும் சேர்ந்த எடையால் வகுக்க வேண்டும். 4 கிலோ சம்மட்டியும் 20 கிலோ பட்டடையும் என்றால் சுமார் 83 விழுக்காடு. பட்டடை 80 கிலோ என்றால் சுமார் 95 விழுக்காடு. நாள் முழுதும் ஓங்கி அடிக்கும் தோளுக்கு இந்த 12 விழுக்காட்டு வேறுபாடு மாலையில் தெரியும்.

நாட்டுக் கொல்லன் அவ்வளவு இரும்பை ஒரே கட்டியாகப் பெறுவது எளிதாக இருந்ததில்லை. உள்ளூர் உலை ஒருமுறைக்கு ஈன்ற இரும்பு சிறிதளவே. ஆகவே அவன் சிறிய சதுரக் கட்டியை எடுத்து, கடினமான மரத்தின் அடிக்கட்டையில் இறுகப் பதித்து, அக்கட்டையையும் மண்ணில் ஆழப் புதைத்தான். இரும்பின் குறையை மரமும் மண்ணும் ஈடுசெய்தன. அடைகல் தரைக்கு அருகிலேயே இருந்ததால் கொல்லன் அமர்ந்து வேலை செய்தான். கூடம் அடிப்பவன் மட்டும் எதிரில் நின்றான். ஐரோப்பியப் பட்டடையில் ஒருபுறம் நீளும் கொம்பும், கருவி செருகும் சதுரத் துளையும், ஆணித்துளையும் உண்டு. நாட்டு அடைகல்லில் இவை இல்லை. வளைவுக்குத் தனிக்கருவி, துளைக்குத் தனிக்கருவி என்று வைத்துக்கொண்டான். இந்த எளிய வடிவத்தைப் பின்தங்கிய நிலை என்று கொள்வது பிழை. இருந்த இரும்பைக் கொண்டு இயன்றதனைத்தும் செய்த கணக்கு அது.

இத்தனை நுட்பம் உடையவர்களை ஏடுகள் எவ்வாறு குறித்தன? கொடுங்கல்லூரோடு தொடர்புடைய வீரராகவ பட்டயம் 13 அல்லது 14ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுகிறது. இரவிகொற்றன் என்ற வணிகனுக்கு மணிக்கிராமப் பட்டத்தையும் உரிமைகளையும் வழங்கும் அப்பட்டயம், வாணியரையும் ஐங்கம்மாளரையும் அவனுக்கு அடிமையாகக் கொடுத்ததாகக் கூறுகிறது. ஐங்கம்மாளருள் கொல்லனும் ஒருவன். செப்பேட்டில் அவர்கள் பெயரற்ற கூட்டம். இன்னொருவருக்குக் கொடுக்கப்படும் பொருள்.

ஐந்து நூற்றாண்டுகள் கடந்து வேணாடு திருவிதாங்கூராக விரிந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, சிறைப்பட்ட டிலனாயைத் தம் படைத்தலைவராக்கினார். பத்மநாபபுரத்துக்கு அருகில் புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டை புதுப்பிக்கப்பட்டது. அதனுள் டிலனாயின் மேற்பார்வையில் பீரங்கியும் குண்டும் வார்க்கும் ஆலை இயங்கியது. பீரங்கி வார்ப்புத் தொழிலில் பிறப்பது; அடைகல்லில் பிறப்பதன்று. ஆனால் பீரங்கி வண்டியின் சக்கரப்பட்டை, அச்சு, ஆணி, சங்கிலி, துப்பாக்கியின் விசைப்பொறி, வீரனின் வாள் யாவும் அடித்து உருவாக்கப்படுபவை. அவ்வாலைக்கு எத்தனை வார்ப்பவர் தேவையோ அத்தனை கொல்லரும் தேவைப்பட்டிருப்பர். 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை கோட்டைக்குள் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகளோடு இருக்கிறது. அவருடைய ஆலையில் அடித்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1909இல் எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல், கம்மாளரின் உட்பிரிவுகளையும் மணமுறைகளையும் விரித்துரைக்கிறது. மலையாள நாட்டுக் கம்மாளர் தீட்டுக்குரியோர் வரிசையில் வைக்கப்பட்டதையும் அது பதிவு செய்கிறது. கோயிற்கதவின் கீலும் தாழும் பூட்டும் கொல்லன் கையால் ஆனவை. அக்கதவைக் கடந்து செல்லும் உரிமையோ வேறு கணக்கில் அடங்கியது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பின்னரே அரசுக் கோயில்களின் வாசல்கள் பிறப்பு வேறுபாடின்றி இந்துக்கள் அனைவருக்கும் திறந்தன. பூட்டைச் செய்தவனுக்கும் பூட்டிய கதவுக்கும் இருந்த இந்தத் தொலைவைக் கருதாமல் திருவிதாங்கூரின் இரும்பு வரலாற்றை எழுத முடியாது.

19ஆம் நூற்றாண்டில் அடைகல்லின் பொருளே மாறத் தொடங்கியது. இங்கிலாந்தின் மலிவான பட்டை இரும்பு துறைமுகங்களில் வந்திறங்கியது. ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830இல் தொடங்கிய இரும்பு முயற்சியும், அதன் தொடர்ச்சியாக மலபாரின் பேப்பூரில் எழுந்த ஆலையும் இந்தப் போட்டியில் நிலைக்கவில்லை. உள்நாட்டுச் சிற்றுலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கொல்லனுக்குக் கிடைக்கும் இரும்பு கூடிற்று. இரும்பு உருக்குவோரின் வாழ்வு குன்றிற்று. ஒரே இறக்குமதி ஒரு தொழிலை வளர்த்து அதன் உடன்பிறந்த தொழிலை அழித்தது.

திருவனந்தபுரத்தில் இதே காலம் கட்டடங்களின் காலம். திவான் டி. மாதவராவின் ஆட்சியில் பொதுப்பணித் துறை உருவாயிற்று. பொறியாளர் வில்லியம் பார்ட்டனின் வடிவமைப்பில் ஹஜூர் கச்சேரி, அதாவது இன்றைய தலைமைச் செயலகம், 1869இல் திறக்கப்பட்டது. 1880இல் சிஷோமின் நேப்பியர் அருங்காட்சியகம் எழுந்தது. சாலையும் பாலமும் மாட்டுவண்டியும் பெருகின. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டும் வேலைக்கும், கட்டட வேலைக்கும், மலைத்தோட்டங்களின் எந்திரக் கூடத்துக்கும் பெரிய பட்டடை வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் அரசுப் பணிமனைகளும் இரயில்வேயும் பயன்படுத்திய கொம்புள்ள ஆங்கிலப் பட்டடை இவ்வழிகளில்தான் நாட்டுக் கொல்லனின் கண்ணில் பட்டது. பணிமனை மூடப்படும்போதோ பழைய தளவாடம் ஏலம் போகும்போதோ அவன் கைக்கும் வந்தது.

அத்தகைய பட்டடையின் பக்கவாட்டில் சிலவேளை மூன்று எண்கள் இடைவெளி விட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வரிசை எண் என்று கருதுவோர் உண்டு. உண்மையில் அது பழைய ஆங்கில எடை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட்டைக் குறிக்கும். ஈழத்தில் அந்தர் என்று வழங்கிய 112 ராத்தல் அது. இரண்டாவது எண் அதன் கால்பங்கான 28 ராத்தலைக் குறிக்கும். மூன்றாவது, எஞ்சிய ராத்தல். ஆகவே 1, 2, 14 என்றிருந்தால் 112, 56, 14 ஆகியவற்றின் கூட்டாக 182 ராத்தல், ஏறத்தாழ 82.5 கிலோ. பீட்டர் ரைட், மவுஸ்ஹோல் போன்ற ஆங்கிலப் பட்டடைகளில் இம்முறையைக் காணலாம். அமெரிக்காவின் ஹே-பட்டன் பட்டடையில் எடை ஒரே எண்ணாக, ராத்தலிலேயே இருக்கும். ரிச்சர்ட் போஸ்ட்மன் 1998இல் வெளியிட்ட அமெரிக்கப் பட்டடைகள் பற்றிய பெருநூல் இக்குறிகளைக் கொண்டே ஒவ்வொரு பட்டடையின் பிறப்பிடத்தையும் காலத்தையும் அறிய வழிசெய்தது. அங்கே பழைய பட்டடை சேகரிப்போரின் பெருமை நிறுவனப் பெயரில் இருக்கிறது. நாட்டு அடைகல்லில் நிறுவனப் பெயர் இல்லை. அதன் அடையாளம் எந்த ஊர், எந்த வீடு, எத்தனை தலைமுறை என்பதே. குறி இரும்பில் இல்லை, நினைவில் இருக்கிறது. நினைவு போனால் குறியும் போகும்.

மூன்றாவது வகைப் பட்டடையை இரயில் கொடுத்தது. கொல்லம்–செங்கோட்டை வழி 1904இல் திறந்தது; இரயில் 1918இல் திருவனந்தபுரம் வந்தது; தம்பானூர் நிலையம் 1931இல் ஏற்பட்டது. 1970-களில் மீட்டர்ப் பாதை அகலப்பாதையாயிற்று. தண்டவாளத்தின் தலைப்பகுதி கரிமம் மிகுந்த கடின உருக்கு; அடியைத் தாங்கவே பிறந்தது. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஓரடித் துண்டு ஏறத்தாழ 16 கிலோ இருக்கும். முறையான கழிவு ஏலத்தில் வந்த இத்தகைய துண்டுகள் எத்தனையோ சிறுகொல்லருக்கு முதல் பட்டடையாயின. தண்டவாளத்தைப் படுக்கவைத்தால் நடுவிலுள்ள மெல்லிய தகடு அதிர்ந்து அடியின் விசையை விழுங்கும். நிமிர்த்தி நட்டால் முழு நீளமும் அடியின் கீழ் நின்று தாங்கும்; முகம் சிறிதாயினும் வேலை சிறப்பாக நடக்கும். தாத்தாவின் சதுரக் கட்டி மரத்தில் நிமிர்ந்து நின்றதன் காரணமும் இதுவே.

இனி, காட்சிப்படுத்துதல். திருவனந்தபுரத்தில் இரும்பு ஊர்வலம் போகும் நாள்கள் நவராத்திரிக்கு முந்தைய நாள்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பிரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் முறைப்படி கைமாற்றப்படுகிறது. தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் வாளோடு புறப்பட்டுத் திருவனந்தபுரம் சேர்கின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் வடக்கே பெயர்ந்ததை நினைவூட்டும் இவ்வூர்வலம், 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழகத்தோடு இணைந்த பின்னர் இரு மாநிலங்களின் விழாவாயிற்று. குமாரசாமி தங்கும் ஆரியசாலைக் கோயில், திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவை ஒட்டியது. கத்தியும் பாரையும் மண்வெட்டியும் வாங்க நகரமும் சுற்றுப்புறமும் தலைமுறைகளாக வந்து செல்லும் தெரு அது.

வாள் ஊர்வலமாக வருகிறது, அடைகல் வருவதில்லை. ஆயுத பூசையன்று கொல்லன் தன் உலையை அணைக்கிறான். சாம்பலை அள்ளி இடத்தை மெழுகுகிறான். சம்மட்டி, சுத்தியல், குறடு, அரம் யாவும் கழுவித் துடைக்கப்பட்டு வரிசையாக வைக்கப்படுகின்றன. நடுவில் அடைகல். அதன் முகத்தை எண்ணெய் தொட்டுத் தேய்த்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகிறார்கள். அன்று அதன்மேல் எவரும் அடிப்பதில்லை. ஆண்டு முழுதும் அடி வாங்கியது ஒருநாள் வணக்கம் வாங்குகிறது. அக்கம்பக்கத்தார் வருகின்றனர், அவலும் பொரியும் கொடுக்கப்படுகின்றன, இது யாருடைய காலத்து அடைகல் என்ற பேச்சு எழுகிறது. அரும்பொருளைத் துலக்கி, விளக்கம் சொல்லி, பார்வையாளருக்குக் காட்டுவதுதான் அருங்காட்சியகத்தின் தொழில் என்றால், இக்கொட்டகைகள் ஆண்டுக்கு ஒருநாள் அருங்காட்சியகங்களாகவே இயங்குகின்றன.

மீட்டெடுத்தலில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. மூடிய கொல்லுலையின் புழக்கடையிலோ பழைய இரும்புக் கடையின் குவியலிலோ துருவேறிய பட்டடை ஒன்று கிடைத்தால், கொல்லன் முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேட்பான். மணிபோல் ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை. மங்கி ஒலித்தால் மேல்தகடு அடியிலிருந்து பிரிந்திருக்கக்கூடும். வார்ப்பிரும்பு அடியில் உருக்குத் தகடு பதித்த வகைகள் இயல்பிலேயே ஒலி குறைந்தவை என்பதையும் அவன் அறிந்திருக்க வேண்டும். அடுத்து, ஓர் இரும்புக் குண்டை முகத்தில் விழவிட்டுப் பார்ப்பான். பத்து அங்குல உயரத்திலிருந்து விழுந்த குண்டு ஏழெட்டு அங்குலம் மீண்டெழுந்தால் முகத்தின் பதம் குலையவில்லை என்று பொருள். தீவிபத்தில் கிடந்த பட்டடையில் குண்டு சோர்ந்து எழும். வெப்பம் பதத்தை இறக்கிவிடும் என்பதால் பட்டடையை உலையிலிட்டுத் துருப்போக்க எந்தத் தேர்ந்த கொல்லனும் துணிவதில்லை. கம்பித் தூரிகை, புளித்த காடி, எண்ணெய், பொறுமை ஆகியவை போதும்.

முகம் குழிந்திருந்தால் எந்திரத்தில் கொடுத்துச் சமன் செய்யும் ஆசை எழும். பழைய பட்டடைகளில் கடின உருக்கு மேலே ஒரு மெல்லிய தகடு மட்டுமே. அதனைச் சீவினால் கண்ணுக்கு அழகாகும், உழைப்புக்கு உதவாது. விளிம்பு உடைந்தால் ஒட்டவைத்து நிரப்பலாம். அதற்கு முன் கட்டி முழுவதையும் அளவோடு சூடேற்றவில்லையெனில் ஒட்டிய இடமே வெடிக்கும். எனவே அனுபவமுள்ளோரின் அறிவுரை, இயன்றவரை கைவைக்காமல் விடுவதே.

வரலாற்று மாணவருக்கும் இதே அறிவுரை பொருந்தும், காரணம் வேறு. பட்டடையின் முகத்தில் உள்ள தேய்வு வாசிக்கத்தக்கது. நடுவில் நீண்ட பள்ளம் இருந்தால் பட்டை இரும்பும் கத்தியும் மிகுதியாக அடிக்கப்பட்டிருக்கும். ஒரு விளிம்பு மட்டும் உடைந்திருந்தால் கூடம் அடித்தவன் எப்பக்கம் நின்றான் என்பது தெரியும். குறுக்கும் நெடுக்குமாக உளித் தழும்புகள் இருந்தால் அங்கே பழகுநர் இருந்தனர். இரும்பைத் தாண்டி உளி பட்டடையில் இறங்கிய தவறுகள் அவை. செப்பேடும் மாநிலக் கையேடும் எழுதாத செய்திகள் இந்த முகத்தில் எழுதப்பட்டுள்ளன. சாணைக்கல்லின் அரைமணி நேர வேலை அவற்றை முற்றிலும் துடைத்துவிடும்.

அதற்காகப் பட்டடையைத் தொடாதே என்று கொல்லனிடம் சொல்லும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. அது அவனுடைய கருவி, அவனுடைய சோறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்த பட்டடை காக்கப்படும். ஆனால் அது பட்டடையாக இராது. 2023 செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுள் கொல்லுத் தொழிலையும் சேர்த்து, கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை அளிக்கிறது. புதுக்கருவி தேவையானதே. புதுக்கருவி வரும் நாளில் பழையது எங்கே போகிறது என்ற கேள்வியும் தேவையானதே. பழைய இரும்பின் தராசு எல்லாப் பட்டடைக்கும் ஒரே விலை சொல்லும், கிலோவுக்கு இவ்வளவு. நூறாண்டு வரலாறு அந்தத் தராசில் எடை கூட்டுவதில்லை.

இடைவழி ஒன்று உண்டு. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. துலக்குவதற்கு முன் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் படமெடுத்தல். எடையையும் முகத்தின் நீள அகலத்தையும் குறித்தல். பொறித்த எண்களையும் எழுத்துகளையும் சுண்ணத்தூள் பூசிப் படித்தல். பதித்த கட்டை எந்த மரம் என்று கேட்டல். தேய்வைக் கோட்டுப்படமாக வரைதல். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊரில் இருந்தது, அதன்மேல் மிகுதியாக என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்தல். முதுகலை மாணவர் இருவர் ஒரு பிற்பகலில் ஓர் அடைகல்லுக்கு இதனைச் செய்து முடிக்கலாம். பின்னர் கொல்லன் தன் விருப்பப்படி அதனைச் சாணை பிடிக்கட்டும்.

திருவனந்தபுரம் ஏடுகளை மதிக்கத் தெரிந்த நகரம். பத்மநாபசாமி கோயிலின் மதிலகம் ஓலைச்சுருணைகள் பேணப்படுகின்றன. ஓலைச்சுவடிகளுக்கென்றே 2022 டிசம்பரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஓலையில் எழுதிய எழுத்தாணியும் ஒரு காலத்தில் ஓர் அடைகல்லின்மீது அடித்து நீட்டப்பட்ட இரும்புதான். அடுத்த ஆயுத பூசைக்கு அவ்வடைகல்லின் வழித்தோன்றல்கள் நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை கொட்டகைதோறும் சந்தனம் பூசிக் காத்திருக்கும். கேட்பவருக்குச் சொல்ல அன்று அங்கே ஆளும் இருப்பார்கள். ஆய்வுத் திட்டம் எழுதும் மாணவர் ஒருவர் அந்த ஒருநாளை நாட்குறிப்பில் குறித்துக்கொண்டால், பயிற்சிப் பட்டறைக்குப் பெயர் தந்த பொருளுக்குக் கல்வியுலகம் பட்ட கடனில் ஒரு பகுதியாவது தீரும்.